ஊமைப்படத்துக்கு வாய் கொடுத்தவன்

கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவனுக்கு ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது. அப்படி ஓர் ஆடி மாதம், அருப்புக்கோட்டையில் என் கடைக்குள் கம்ப்யூட்டரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தக் கிறுக்கு என்னைப் பிடித்தது. வெள்ளைக்காரர்கள் நூறு வருஷத்துக்கு முந்தி எடுத்துப் போட்ட ஊமைப்படங்கள் இணையத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. எடுத்தவரும் இல்லை, நடித்தவரும் இல்லை, சண்டைக்கு வர ஆளே இல்லை என்று தெரிந்ததும் எனக்குத் துணிச்சல் வந்தது.

சிரிப்புப் படங்களை நான் தொடவில்லை. அவை தாமாகவே சிரிக்க வைக்கின்றன, அதில் எனக்கு என்ன வேலை? நான் எடுத்துக்கொண்டது அழுகைப் படங்கள். மகனைப் பறிகொடுத்த தாய், புருஷனைப் போருக்கு அனுப்பும் பெண்டாட்டி, கொட்டும் பனியில் வீடிழந்து நிற்கும் கிழவன். நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளை வெட்டித் தூக்கிப் போட்டேன். முன்னால் வருவதைப் பின்னால் ஒட்டினேன், பின்னால் வருவதை முன்னால் ஒட்டினேன். அப்புறம் நம் ஊர்ப் பேச்சைப் போட்டேன்.

முதலில் செய்தது ஒரு ரயில் நிலையக் காட்சி. சிப்பாய் உடுப்பில் ஒருவன் ரயிலேறப் போகிறான். பெண்டாட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். அந்தக் கதறலுக்கு நான் எழுதிய வசனம், “ஏங்க, வீட்டப் பூட்டுனமா?” அவன் நெஞ்சில் கை வைத்து வானத்தைப் பார்க்கிறான். “நீதானடி கடைசியா வந்த!” அதற்குப் பிறகு அந்தப் படத்தில் வரும் போர்க்களம், குண்டு, புகை, அவன் விழுந்து எழுந்து ஓடுவது எல்லாமே பூட்டைப் பார்க்கத் திரும்பி ஓடுவதுதான். ஆண்களுக்கெல்லாம் நான் குரல் கொடுத்தேன். பெண்களுக்கு என் மனைவி. வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள், அவசர வேலை என்று தையல் மெஷினை நிறுத்தாமலே பேசிவிட்டாள். அந்தச் சத்தம் அப்படியே ரயில் சத்தமாக அமைந்துபோனது. இது எப்படித் தோன்றியது என்று பிறகு பல பேர் கேட்டார்கள். தோன்றவெல்லாம் இல்லை, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பூட்டுக் கதை ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவித் தாவி எங்கெங்கோ போனது. திருச்சுழி பஸ்ஸில் முன்சீட்டுக்காரன் போனில் என் குரலே என்னைக் கூப்பிடும். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஜன்னல் வழியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வருவேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருக்கும். அடுத்து, பனியில் நிற்கும் கிழவனை எடுத்தேன். நம் பக்கம் பனியை யார் கண்டது? பஞ்சு மில்லுக் கூரை பிய்ந்து ஊரெல்லாம் பஞ்சு பறக்கிறது என்று வைத்தேன். கிழவன் இரண்டு கையையும் விரித்து அழுகிற இடத்தில், “மூக்குல போயிருச்சுய்யா, மூக்குல போயிருச்சு!” என்று கத்தினேன். அதற்கும் நல்ல பேர்.

குழப்பம் அங்கேயிருந்துதான் ஆரம்பம். வீரசோழன் ஊர்க்காரர் ஒருவர், வளைகுடாவில் டிரைவர் வேலை பார்க்கிறவர், எப்படியோ என் நம்பரைப் பிடித்துக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். “அண்ணே, அந்தப் பஞ்சுக் கெழவன் படத்த ரூம்ல எல்லாரும் பாத்தோம்ண்ணே. சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு. பெறகு என்னன்னு தெரியல, எல்லாரும் ஊருக்குப் போனப் போட்டு அத்தாகிட்டப் பேசுனோம்.” நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எதற்காக அப்பாக்களுக்குப் போன் போட்டார்கள்? நான் போட்டது மூக்கில் பஞ்சு போன கதை. அவர்கள் எந்தக் கதையைப் பார்த்தார்கள்?

ஒரு நாள் மனைவியிடம் சோதித்துப் பார்த்தேன். ஒரு பெண்ணின் முகத்தைச் சத்தமில்லாமல் ஓட்டி, இவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கேட்டேன். மனைவி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, “சிரிக்கா” என்றாள். மூலப் படத்தில் அது பிள்ளை செத்த சேதி கேட்டவளின் முகம். இல்லையே, பிள்ளை கிடைத்துவிட்ட சேதி கேட்டவளா? எனக்கே சந்தேகம் வந்து தேடிப் பார்த்தேன். வெட்டிய துண்டுகளைக் கண்டபடி போட்டு வைத்திருந்ததால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. வாய் திறந்து, கண் சுருங்கி, தோள் குலுங்குகிற ஒரு முகம். நீ என்ன வசனம் கொடுக்கிறாயோ அதை வாங்கிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

அப்பாவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. எங்கள் ஊர் திருச்சுழி தாண்டி நரிக்குடி போகிற வழியில் உள்ளே இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் அங்கே அண்ணனோடு இருந்தார்கள். ஊருக்குப் போயிருந்தபோது பூட்டுக் கதையைக் காட்டினேன். முழுசும் பார்த்தார். “ஏண்டா, அவ அழுகா. அழுகுறவளப் பாத்துச் சிரிக்கச் சொல்றதாடா தொழிலு?” என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கண்மாயின் இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் கேட்கும், அப்படி ஒரு குரல் அவருக்கு. திட்டினாரா சும்மா கேட்டாரா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில்தான் சொல்வார்.

போன வருஷம் பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு நின்றுபோனது. மதுரைக்குக் கொண்டுபோய் உயிரைத் திருப்பிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தோம். யார் என்ன சொன்னாலும் அப்பாவின் முகம் கோணும், வாய் திறக்கும், தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும். கஞ்சி குடிக்கிறீர்களா என்றாலும் அப்படித்தான். ஆடு குட்டி போட்டது என்றாலும் அப்படித்தான். டாக்டரிடம் கேட்டோம். “முகத்த வச்சு முடிவு பண்ணாதீங்க. சில பேருக்கு இப்படி ஆகும். உள்ள ஒண்ணு இருக்கும், முகம் வேற ஒண்ணக் காட்டும்” என்றார். “அப்ப எத வச்சு சார் முடிவு பண்றது?” என்று கேட்டேன். பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பூட்டுக் கதையை அவருக்கு மறுபடியும் போட்டுக் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தோள் குலுங்கியது, கண்ணீர் வழிந்தது. “பாரு, எப்பிடிச் சிரிக்காக!” என்றாள் அம்மா. “அழுகாகம்மா. ஏலே, மொதல்ல அத அமத்து” என்றான் அண்ணன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஊரையே சிரிக்க வைக்கிறவன், எனக்குத் தெரியாதா என்ற பார்வை. எனக்குத் தெரியவில்லை. எரிச்சலாக வந்தது. போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் அத்தை வந்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கச்சி. பந்தல்குடியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் எங்கள் அண்ணனுக்கு முறைப்பெண். அந்தப் பெண்ணைத்தான் எடுப்போம் என்று ஊரே நினைத்திருக்க, அப்பா நரிக்குடிப் பக்கம் பெண் பார்த்து முடித்துவிட்டார். அத்தை மனசைக் கல்லாக்கிக்கொண்டு பட்டுச்சேலை கட்டி, மாமாவோடு கல்யாணத்துக்கு வந்தாள். மண்டப வாசலில் அப்பா அவளிடம் ஏதோ சொன்னார். அவள் திரும்பினாள், பஸ் ஏறினாள், போய்விட்டாள். பந்தியில் உட்காரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

அப்பா என்ன சொன்னார் என்பதற்கு ஊரில் ஒரு வசனம் உண்டு. “வந்த வழியே போ. நானாக் கூப்பிடாம என் வாசல மிதிக்காத.” எனக்குக் கல்யாணம் நடந்தபோது இதே வசனத்தைச் சொல்லித்தான் அத்தை வரவில்லை. மாமா இறந்தபோது அப்பா பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்துப் போனார், போட்டார், பேசாமல் திரும்பினார். “அண்ணன் தன் வாயால வான்னு ஒரு வார்த்த சொல்லட்டும், வாரேன்” என்று அத்தை சொல்லியனுப்புவாள். அப்பாவிடம் கேட்டால், “நான் என்ன சொன்னேன்னு அவளுக்குத் தெரியும்” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இப்படியே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அப்பா படுத்த பிறகு ஒரு நாள் அத்தை எங்கள் ஊர் பஸ் நிறுத்தம்வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டு, டீக்கடைக்காரரிடம் சொல்லி அனுப்பினாள். “எங்கண்ணன் வரச் சொன்னா வாரேன்.” என் அண்ணன் ஓடிப்போய் அப்பாவிடம், “அத்த வந்திருக்காக, வரச் சொல்லவா?” என்று கேட்டான். முகம் கோணியது. தோள் குலுங்கியது. வேலை செய்கிற இடது கை கட்டில் சட்டத்தைத் தட்டியது. அம்மா, “வரச் சொல்றாக” என்றாள். அண்ணன், “கோவத்துல அடிக்காகம்மா, மறுபடியும் இழுத்துக்கிட்டா யாரு பாக்க?” என்றான். இரண்டு பேரும் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே திரும்புகிற பஸ் வந்துவிட்டது. அத்தை ஏறிப் போய்விட்டாள். நான் இதையெல்லாம் போனில்தான் கேட்டேன்.

அடுத்த வாரம் போனபோது அம்மா என்னைத் தொழுவத்துக்குப் பின்னால் கூட்டிப் போனாள். “ஏய்யா, ஊருபேரு தெரியாத வெள்ளக்காரனுக்கெல்லாம் வாய் குடுக்கியே. ஒங்கப்பாவுக்கு ஒரு வாய் குடேன்.” எனக்கு முதலில் புரியவில்லை. “அவுக கொரலுதான் ஒங்கிட்ட எம்புட்டோ கெடக்குமே. வா தாயின்னு சொல்ற மாதிரி ஒண்ணு செஞ்சு அவளுக்கு அனுப்பு. கண்ண மூடுறதுக்குள்ள அண்ணனும் தங்கச்சியும் மொகம் பாக்கட்டும்.”

இது தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது எப்படித் தப்பு, எந்த இடத்தில் தப்பு என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டை வந்து சேர்ந்தும் பிடிபடவில்லை.

கடையில் அண்ணன் கல்யாண டிவிடி இருந்தது. அந்தக் கல்யாணத்தை எடுத்தது நான் அப்போது வேலை பார்த்த ஸ்டூடியோ முதலாளி. லைட் பிடித்தது நான். சொந்த அண்ணன் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லைட் பிடித்த மாப்பிள்ளைத் தம்பி இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தக் காலத்து வழக்கப்படி முதலாளி மண்டபத்துச் சத்தம் முழுவதையும் எடுத்துவிட்டு, தொடக்கத்திலிருந்து கடைசிவரை பாட்டாகப் போட்டிருந்தார். பாட்டை எடுத்தால் வெறும் படம். மத்தியான வெயிலில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். எங்கள் குடும்பமே ஊமைப்படத்தில் நடித்துக்கொண்டிருந்தது.

வாசல் காட்சி வந்தது. அத்தை பச்சைப் பட்டில் நிற்கிறாள். அப்பா உள்ளேயிருந்து வேகமாக வருகிறார். வாய் திறக்கிறது. முகம் சுருங்குகிறது. அந்த லைட்டுக்கு நேரே நின்றால் யார் முகமும் அப்படித்தான் சுருங்கும். கை மேலே போய்க் கீழே வருகிறது. உள்ளே வா என்று கூப்பிடுகிற கையா, வெளியே போ என்று காட்டுகிற கையா? நடுவில் யாரோ தாம்பாளத்தோடு குறுக்கே போகிறார்கள். தாம்பாளம் விலகும்போது அத்தை முதுகு காட்டி நடந்துகொண்டிருக்கிறாள்.

வேறொரு கல்யாண வீடியோவில் அப்பாவின் குரல் கிடைத்தது. யாரையோ பார்த்து, “வா தாயி, மொதல்ல வந்து சாப்பிடு” என்கிறார். அதை வெட்டி இந்த வாயில் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. உதடு மூடுகிற இடத்தில் மூடியது, திறக்கிற இடத்தில் திறந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. நான் ஒட்டியதுதானா இது, இல்லை நிஜமாகவே இதைத்தான் சொன்னாரா? உடனே அதை எடுத்துவிட்டு, ஊர் சொல்கிற வசனத்தை என் குரலில் பேசி வைத்தேன். “வந்த வழியே போ.” அதுவும் பொருந்தியது. பூட்டுக் கதை வசனத்தை வைத்தாலும் பொருந்தும் போலிருந்தது. வைத்துப் பார்க்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது.

என்னால் எதையும் அத்தைக்கு அனுப்ப முடியவில்லை. ஒட்டியதை எல்லாம் அழித்துவிட்டு, சத்தமில்லாத வாசல் காட்சியை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டு பந்தல்குடிக்குப் போனேன். அத்தையிடமே கேட்டுவிடுவது என்று முடிவு. அவளுக்குத்தான் தெரியும் என்று அப்பாவே சொல்லியிருக்கிறாரே.

தூத்துக்குடி ரோட்டில் மகன் நடத்தும் பஞ்சர் கடைக்குப் பின்னால்தான் அத்தை வீடு. “வாய்யா மருமகனே” என்று வாசலுக்கு வந்தாள். ரோட்டில் பார்த்தால் நாங்கள் பேசிக்கொள்வோம், வீட்டு வாசலை மிதிப்பதுதான் கிடையாது. அன்றைக்கு நான் மிதித்தேன். அவள் அதைக் கவனித்தாள். போனைக் கையில் கொடுத்தேன்.

“சத்தமே வரல?” என்றாள்.

“சத்தம் இல்லத்தே. அப்பா அன்னைக்கு என்ன சொன்னாக? நீங்கதான் சொல்லணும்.”

அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மறுபடியும் போடச் சொன்னாள். லாரி ஒன்று காற்றடிக்க வந்து நின்று, போய், இன்னொன்றும் வந்துவிட்டது. அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணுமே கேக்கலய்யா.”

“இப்ப இல்லத்தே, அன்னைக்கு.”

“அன்னைக்குத்தான் சொல்றேன். வாசல்ல ரேடியோ செட்டுக் கொழா கட்டியிருந்தாகள்ல? எங்க தலைக்கு நேரா. காதுல ஈயத்தக் காச்சி ஊத்துன மாதிரி பாட்டு. அண்ணன் வாய் அசஞ்சுச்சு. மொகம் செவந்து கெடந்துச்சு. ஏச்சுப் போடுறாகன்னு நெனச்சேன். எனக்கு நெஞ்சு அடச்சுக்கிருச்சு. ஒங்க மாமா வந்து கையப் புடிச்சு இழுத்தாக, வந்துட்டேன். பஸ்ஸுல வச்சு அவுகதான் சொன்னாக. போகச் சொல்லிட்டாக, இனிக் கூப்பிட்டாத்தான் வரணுமாம்னு.”

மண்டப வாசலில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாமல் எங்கள் பக்கம் கல்யாணமே கிடையாது. நாலு ஊருக்குக் கேட்டால்தான் அது கல்யாணம். பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்கிறதா என்று எவனும் யோசித்ததில்லை. லைட் பிடித்த எனக்குக் கேட்கவில்லை. யாருக்குமே கேட்டிருக்காது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஊரே சொல்லிவந்த வசனம் மாமா கொடுத்த வசனம்.

“மாமாவுக்காச்சும் கேட்டுச்சா?” என்றேன்.

அத்தை மறுபடியும் படத்தை ஓட்டி, ஓரத்தில் விரலை வைத்தாள். அங்கே ஒருவர் செருப்புக் குவியலுக்கு மேல் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. நான் அத்தனை தடவை ஓட்டியும் அவரை மாமா என்று அடையாளம் கண்டிருக்கவில்லை. “இவுக இங்கல்ல குனிஞ்சு கெடக்காக” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. சுத்தமாகப் புரியாத ஒருத்தியின் குரல். “அப்ப அவுகளுக்கு யாரு சொன்னா? எதுக்குய்யா எங்கிட்ட அப்பிடிச் சொன்னாக?”

மகளை எங்கள் வீட்டில் கொடுக்க ஆசை ஆசையாகக் காத்திருந்து ஏமாந்தது மாமாதான் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை. செத்தவர் வாயில் வசனம் வைக்க எனக்குத் துணிவில்லை.

“ஒருத்தரு போய்ச் சேந்துட்டாக. ஒருத்தரு வாயடஞ்சு கெடக்காக. நான் யாரப் போயிக் கேக்க?” என்றாள் அத்தை. முகம் கோணியது. சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று தெரியாமல் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் நான் ஊரில் இருந்தேன். காலை பஸ்ஸில் அத்தை வந்தாள். பஸ் நிறுத்தத்தில் உட்காரவில்லை. சொல்லி அனுப்பவில்லை. விறுவிறு என்று நடந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படி ஏறிவிட்டாள். அண்ணன் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அத்தை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்துவிட்டு நேரே அப்பா கட்டிலுக்குப் போனாள்.

அப்பா அவளைப் பார்த்தார். முகம் கோணியது. இதுவரை அவ்வளவு மோசமாகக் கோணி நாங்கள் பார்த்ததில்லை. தோள் குலுங்கிக் கட்டிலே ஆடியது. கண்ணிலிருந்தும் வாயிலிருந்தும் ஒழுகியது. இடது கை அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இழுக்கிறதா தள்ளுகிறதா என்று பார்க்க நான் பக்கத்தில் போனேன். இரண்டு மாதிரியும் இருந்தது.

“சிரிக்காக, ஒன்னப் பாத்ததும் சிரிக்காக” என்றாள் அம்மா.

“அத்தே, கோவமா இருக்காக. கொஞ்சம் வெளிய இருங்க” என்றான் அண்ணன். அவனுக்குப் பயம். “ஏலே, நீ சொல்லுலே, என்ன செய்றாக அப்பா?” என்று என் பக்கம் திரும்பினான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. எது என்று தெரியாததற்குத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

“யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேணாம்” என்றாள் அத்தை. “ஆள் வச்சுக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கெட்டேன்.” சேலை முந்தியால் அப்பாவின் வாயைத் துடைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். “அண்ணே, இன்னைக்குக் கொழா கட்டல. இப்பச் சொல்லுண்ணே, அன்னைக்கு என்ன சொன்ன?”

வீடு அமைதியாக இருந்தது. அப்பா தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. காற்றா, எச்சிலா, வார்த்தையா, எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கட்டிலிலிருந்து நாலடி தள்ளி நின்றேன். கண்மாய்க்கு அக்கரையில் கேட்கிற குரல் நாலடி தாண்டி வரவில்லை. அத்தை அப்படியே குனிந்திருந்தாள். நடுவில் ஒரு தடவை “ம்” என்றாள். அப்புறம் இன்னொரு தடவை. குலுக்கல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அப்பா கண்ணை மூடினார். அண்ணன் பயந்துபோய் அவர் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான். தூங்கிவிட்டார்.

அத்தை எழுந்து, கொண்டையைச் சரி செய்துகொண்டு, “மதினி, சோறு இருந்தாப் போடுங்க” என்றாள். அம்மா அடுப்படிக்கு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த அத்தையிடம் போனேன். பொறுக்க முடியவில்லை.

“அத்தே, அப்பா என்ன சொன்னாக?”

“அது ஒனக்கெதுக்கு மருமகனே?” என்றாள் அத்தை. “வெட்டி ஒட்டவா?” ஈரக் கையை உதறிவிட்டு உள்ளே போய் இலை முன்னால் உட்கார்ந்தாள்.